பண்ணைக்குட்டை தோண்டுனப்ப எலும்பாட்டம் கல்லு வந்திருக்குங்க, டைனோசரா இருக்குமா?

கொறங்காட்டான்:
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நம்முளுது வெள்ளகோவில்ல இருந்து மூலனூர் போற பக்கம், மானாவாரி காடு, பாதி கொறங்காடு, அதாவது ஆடு மாடு மேய்க்கற காடு. பண்ணைக்குட்டை எடுக்கலாம்னு ஜேசிபி விட்டமுங்க. மேல செவலை மண்ணு கொஞ்சம், அதுக்கு கீழ வெள்ளை வெள்ளையா ஒரு அடுக்கு, அதுக்குள்ள கை மொத்தத்துல, விரல் மொத்தத்துல, நீள நீளமா கல்லுங்க. சிலது ரண்டா கிளை பிரியுது, சிலதுல நடுவுல ஓட்டை. பாத்தா அசல் எலும்புதான். ஆறாவது படிக்கற நம்ம பாப்பா பாத்துட்டு "அப்பா இது டைனோசர் எலும்பு, ஜேசிபிய நிறுத்தச் சொல்லு"னு ஒரே அடம். டிரைவர் தம்பி வேற சிரிக்கறாப்ல. மணிக்கணக்குக்கு வாடகை ஓடுது, நான் என்ன பண்ணட்டும்.

பக்கத்து காட்டுக்காரர் அவரு பங்குக்கு, இதெல்லாம் வெளிநாட்டுல கோடிக்கணக்குல போகுது, யாருகிட்டயும் சொல்லாதேங்கறாரு. நான் உடனே இங்க வந்து சொல்லிட்டேன் பாருங்க.

போட்டோ போட்டிருக்கேன். ரண்டு கேள்விங்க. ஒன்னு, இது எலும்பா கல்லா. ரண்டாவது பாப்பா கேட்டது, எனக்கு பதில் தெரியலை. டைனோசர் உலகம் பூராவும் இருந்துச்சுன்னா நம்ம ஈரோடு திருப்பூர் கரூர் பக்கம் கெணறு வெட்டாத காடே கிடையாது, ஆயிரம் அடிக்கு போர் போடறோம், ஒரு எலும்பு கூட ஒருத்தருக்கும் ஏன் சிக்கலை?

பெருந்துறை மாப்ள:
அண்ணா மொதல்ல குட்டைய தோண்டி முடிங்க. டைனோசர்னு நாலு பேருக்கு தெரிஞ்சா யூடியூப்காரன் அம்புட்டு பேரும் காட்டுக்குள்ள வந்து கம்பு பூராத்தையும் மிதிச்சிட்டு போயிருவான். கோடியெல்லாம் ஒன்னும் வராது, கெடாவெட்டுக்கு ஒறம்பரை வந்த செலவுதான் மிஞ்சும்.

சங்ககிரியான்:
நான் பொறந்தது சங்ககிரி பக்கமுங்க, வேலை பாத்ததெல்லாம் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல, இப்ப ரிட்டயர்டு. போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். இது எலும்பில்லீங்க, சுக்கான் கல்லு. உங்க அப்பாரு காலத்துல இதைத்தான் பொறுக்கி காளவாயில போட்டு சுண்ணாம்பு சுட்டாங்க, வயசானவங்க யாரையாச்சும் கேட்டீங்கன்னா பாத்த உடனே சொல்லுவாங்க.

இது எப்படி வருதுன்னா, நம்ம பக்கம் பாறையில கால்சியம் எச்சா இருக்கு, அது மக்கி மண்ணாகறப்ப கால்சியம் தண்ணியில கரைஞ்சு எறங்குது. நல்லா மழை பேயற ஊரா இருந்தா அப்படியே அடிச்சிட்டு போயிரும். உங்க மூலனூர் வெள்ளகோவில் எல்லாம் மழை மறைவு, தண்ணி கொஞ்ச தூரம் எறங்கறதுக்குள்ள வெயிலு மறுபடி மேல இழுத்துருது, தண்ணி போயிருது சுண்ணாம்பு தங்கிருது. அதுவும் எங்க தங்குதுன்னா வேரை சுத்தி, ஏன்னா வேருதான் அந்த எடத்துல தண்ணிய உறிஞ்சுது. வருசக்கணக்கா பூசி பூசி வேரு மேல ஒரு உறை கட்டிக்குது. பொறகு மரம் செத்து வேரு மக்கி போச்சுன்னா உறை மட்டும் நிக்கும், அதுதான் நீங்க பாத்த ஓட்டை. கிளை பிரியறதும் அதனாலதான், எந்த எலும்புங்க அப்படி கிளை கிளையா பிரியுது.

சந்தேகம்னா ஒன்னைய ஒடைச்சு பாருங்க. எலும்புன்னா வெளிய கெட்டியா ஒரு ஓடு, உள்ள பொடி பொடி துளையா வலை பின்னுன கணக்கா இருக்கும், கல்லா மாறினா கூட அந்த துளை தெரியும். சுக்கான்ல மண்ணுல இருந்த மணலும் அபரக தூளும் ஒட்டிக்கிட்டு இருக்கும், வளையம் வளையமா தெரியும். பாத்ரூம் கழுவற ஆசிட் ரண்டு சொட்டு விட்டா புஸ்ஸுனு நொரைக்கும், பாப்பா கையில மட்டும் குடுத்துராதீங்க. நாக்குல ஒட்டினா எலும்புனு வீடியோவுல சொல்றாங்களே, அதை நம்பாதீங்க, சுக்கானும் ஒட்டும்.

ஆனா பாப்பா சொன்னதுல கொஞ்சம் நாயம் இருக்கு. எலும்பு இல்லைன்னாலும் ஒரு உசுரு இருந்த தடம்தான அது. அந்த எடத்துல முந்தி மரம் இருந்துச்சு, வேரு இந்த மொத்தம், இத்தனை ஆழம் போச்சு, அப்பவும் காஞ்ச பூமிதான்னு அது சொல்லுது. இந்த அடுக்கை வெச்சு பழைய மழை வெயிலு எப்படி மாறுச்சுன்னு படிக்கறவங்க இருக்காங்க, கோயமுத்தூர் பக்கத்து சுக்கானை வெச்சே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க.

ரண்டாவது கேள்விதான் முக்கியம். எத்தனை அடி போட்டாலும் நம்ம பக்கம் டைனோசர் வராது, ஏன்னா போர்ல அடியில வர்ற கருங்கல்லும் வெள்ளைக்கல்லும் சுமார் 250 கோடி வருசத்து பாறை. நைஸ், சார்னோகைட்னு ஏட்டுல போடுவாங்க. டைனோசர் பொறந்தே 23 கோடி வருசம்தான். பத்து மடங்கு முந்தின பாறையில போயி அதைத் தேடினா எங்க இருக்கும். அதுவுமில்லாம இந்தப் பாறை பூமிக்கு கீழ பல கிலோமீட்டர் ஆழத்துல 700, 800 டிகிரி சூட்டுல வெந்து, நசுங்கி, பொறகு மேல வந்தது. சேத்துல ஒரு எலைய பதிச்சு செங்கல் சூளையில போட்டு சுட்டு, அந்த செங்கல்ல மறுபடி இடிச்சு உருக்கினா எலை தடம் நிக்குமா?

சரி, 250 கோடி வருசத்துக்கு பொறவு நடந்ததுக்கு தடம் எங்கேனு கேப்பீங்க. இந்தப் பக்கம் நெலம் ரொம்ப காலம் மேடாவே இருந்திருக்குங்க. மேட்டுல மண்ணு தங்காது, கரைஞ்சு ஓடும், பள்ளத்துலதான் படியும். எலும்பு கல்லாகணும்னா செத்த உடனே சேத்துலயோ மணல்லயோ பொதையணும், வெளிய கெடந்தா நாயும் நரியும் வெயிலும் மிச்சம் வெக்காது. நம்ம மேட்டுல டைனோசரே நடந்திருந்தாலும் அதும்பட எலும்பு பொதைய எடம் இல்லை. மேட்டு மண்ணு கிழக்கே போயி கடல்ல படிஞ்சுது, அந்தக் கடல்தான் இன்னிக்கு அரியலூர் பெரம்பலூர்.

இதை நேர்ல பாக்கணும்னா சிமெண்டுக்கு அரைக்கற ரண்டு வகை கல்லை பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. மதுக்கரை சுண்ணாம்புக்கல்லும் எங்கூரு சங்ககிரி சுண்ணாம்புக்கல்லும் வெந்து பளிங்காயிருச்சு, ஒடைச்சா சக்கரை பளபளப்பு, ஒரு சிப்பி இருக்காது. அரியலூர் கல்லங்குறிச்சி கல்லை ஒடைச்சா உள்ள கை அகலத்துக்கு கடல் சிப்பி அடுக்கடுக்கா கெடக்கு, சுமார் 7 கோடி வருசத்து சிப்பி. அதை அரைச்சுத்தான் பாதி ஊருக்கு வீடு கட்டறோம். சுரங்கத்துல வேலை பாத்த புதுசுல எனக்கு மனசு கேக்காது, நல்லா இருக்கற சிப்பிய தனியா எடுத்து வெப்பேன், பொறகு எத்தனைய எடுக்கறது, விட்டுட்டேன்.

ஈரோட்டு மஞ்சள்:
அண்ணா சொல்றது சரிங்க, பாறை விசயம் புரியுது. ஆனா எனக்கு ஒரு டவுட், சண்டைக்கு கேக்கலை. சிப்பி இருந்துச்சு எலும்பு இருந்துச்சு, சரி. அதை வெச்சு ஒன்னு இன்னொன்னா மாறுச்சுன்னு எப்படி சொல்றாங்க? யாரு பாத்தா? அன்னிக்கும் சிப்பி இன்னிக்கும் சிப்பி. மீனு தரைக்கு வந்துச்சு, நாயாட்டம் ஒரு மிருகம் கடலுக்குள்ள போயி திமிங்கலம் ஆச்சுங்கறதெல்லாம் கேக்க நல்லா இருக்கு, நடுவுல பாதி மீனு பாதி ஓணானா எதாச்சும் எடுத்திருக்காங்களா? இல்லைன்னா இதுவும் ஒரு கதைதானுங்களே.

கோபி டீச்சர்:
ஈரோட்டு தம்பி, நல்ல கேள்வி, என் கிளாஸ் பசங்க யாரும் இப்படி கேக்க மாட்டீங்கறாங்க, மார்க் எத்தனைனு மட்டும்தான் கேக்கறாங்க.

மொதல்ல ஒன்னு. ஒரு எலும்பை மட்டும் வெச்சு யாரும் மாற்றம்னு சொல்லலை. எந்த அடுக்குல எது இருக்கு, எது இல்லைங்கறதுதான் சேதி. ஆஸ்திரேலியாவோட மேற்குல சுமார் 350 கோடி வருசத்து பாறையில நுண்ணுயிர் கட்டின அடுக்கு இருக்கு, அதுக்கு மேல கோடி கோடி வருசத்துக்கு வேற ஒன்னும் பெருசா கெடையாது. சங்ககிரி அண்ணன் சொன்ன 250 கோடி வருசப் பாறை வேகாமயே இருந்திருந்தாலும் அதுல நுண்ணுயிர் தடம்தான் கிடைச்சிருக்கும், ஒரு புழு கூட வராது. 54 கோடி வருசம் வாக்குல ஓடு, கால், கண்ணு வெச்ச ஜீவனுங்க கடல்ல திடுதிப்புனு பெருகுது. பொறவு மீனு, அதுக்கு பொறவு தரையில நாலு கால், ரொம்ப தள்ளி பூ பூக்கற செடி. சீனாவுல தோண்டினாலும் கனடாவுல தோண்டினாலும் இந்த வரிசை மாறலை. பரிணாமம் தப்புனு ஒத்துக்க என்ன வேணும்னு ஹால்டேன்ங்கற உயிரியல் விஞ்ஞானிகிட்ட கேட்டதுக்கு, கேம்பிரியனுக்கு, அதாவது அந்த 54 கோடி வருசத்து காலத்துக்கு, முந்தின பாறையில ஒரு முயலு எலும்பு காட்டுங்கன்னு சொன்னதா சொல்லுவாங்க. அவரு இங்கிலாந்துல பொறந்து கடைசி காலத்துல இந்தியக் குடிமகனா ஆயி புவனேஸ்வர்ல செத்தவரு. அந்த முயலை இன்னும் யாரும் எடுக்கலை.

இப்ப உன் பாதி மீனு. பழைய பாறையில மீனு மட்டும் இருக்கு, சுமார் 36 கோடி வருசத்துப் பாறையில கால் வெச்சது இருக்கு. அப்ப நடுவுல 37 கோடி, 38 கோடி வருசத்து பாறையில, அதுவும் ஆத்தங்கரை சேறா இருந்த பாறையில தேடினா நடுவாந்தரம் கிடைக்கணும்னு கணக்கு போட்டு, வரைபடத்துல அப்படி பாறை எங்க இருக்குனு பாத்து, கனடாவோட வடக்கு கோடியில எல்ஸ்மியர் தீவுக்கு போனாங்க. வருசக்கணக்கா அலைஞ்சு 2004ல எடுத்தாங்க. பேரு டிக்டாலிக். செதிலும் துடுப்பும் மீனுது, ஆனா தட்டை தலை, தலைய திருப்ப கழுத்து, துடுப்புக்குள்ள மணிக்கட்டு எலும்பு. எங்க இருக்கும்னு முந்தியே சொல்லிட்டு போயி எடுத்ததை கதைனு எப்படி தம்பி சொல்றது?

திமிங்கலத்துக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை, நம்ம நாட்டுலயே இருக்கு. ஜம்மு காஷ்மீர்ல காலாகோட் பக்கம் ரங்கா ராவ்ங்கற புவியியலாளர் கல்லோட எலும்பா மூட்டை கணக்கா சேத்து வெச்சிருந்தாரு. அவரு காலத்துக்கு பொறவு அது தேவிசன்ங்கற ஆராய்ச்சியாளர் கைக்கு போச்சு. கல்லை சுத்தம் பண்றப்ப ஒரு மண்டை தெரியாத்தனமா ஒடைஞ்சு, உள்ள காது எலும்பு ஒரு பக்கம் மட்டும் தடிப்பா இருந்திருக்கு. அப்படி காது திமிங்கல ஜாதிக்கு மட்டும்தான் உண்டு. ஆனா ஒடம்பு பாத்தா சுமார் 4.8 கோடி வருசத்து, பூனை அளவு, குளம்பு வெச்ச, மானுக்கு தூரத்து பங்காளி. 2007ல வெளியிட்டாங்க, பேரு இண்டோஹயஸ். நீ சொன்ன நாய் இல்லை, குளம்புக்காரன். கட்ச் பக்கம் அதைவிட கொஞ்சம் பின்னாடி காலத்து பாறையில காலோட இருக்கற திமிங்கலமே கிடைச்சிருக்கு. இன்னிக்கு திமிங்கலத்தோட டிஎன்ஏவ பாத்தாலும் நெருங்கின சொந்தம் நீர்யானைனு வருது, எலும்பு சொல்றதும் டிஎன்ஏ சொல்றதும் தனித்தனி சாட்சி.

இன்னொன்னு, நம்ம பக்கம் ஒன்னுமே இல்லைனு மனசு விட வேண்டாம். சேலத்துல கஞ்சமலை இருக்கே, அந்த இரும்பு பட்டை பட்டையா கல்லோட மாறி மாறி வரும். அது ஆதியில கடலடியில படிஞ்சது. கடல் தண்ணியில கரைஞ்சு கெடந்த இரும்பு துருவாகி கீழ எறங்கினதுல நுண்ணுயிருங்க விட்ட ஆக்சிஜனுக்கு பங்கு இருக்குன்னு சொல்றாங்க. உசுரு கல்லாகலை, ஆனா உசுரு விட்ட மூச்சு இரும்பாச்சு. இதை ஒரு பாடபுத்தகத்துலயும் நான் பாத்ததில்லை, எல்லாம் டைனோசர் படம்தான்.

ஈரோட்டு மஞ்சள்:
காது எலும்பு மேட்டரு நெசமாவே தெரியாதுங்க டீச்சர். டிக்டாலிக்கை தேடி பாக்கறேன். இன்னும் முழுசா ஒத்துக்கலை, ஆனா யோசனை பண்ண வெச்சிட்டீங்க.

கொறங்காட்டான்:
சங்ககிரி அண்ணா, டீச்சருங்க, ரொம்ப சந்தோசம். ஒன்னைய சுத்தியல்ல ஒடைச்சு பாத்தமுங்க, நீங்க சொன்னாப்லயே வளையம் வளையமா உள்ள மணலு, ஆசிட்டு பட்ட உடனே பொங்குது. பாப்பாவுக்கு மொகம் சுருங்கிருச்சு, பொறகு வேருனு சொன்ன உடனே இது வெள்வேலா மரத்து வேரா, கிளுவை வேரானு ஆரம்பிச்சிருச்சு. ஒரு பத்து கல்லை கழுவி திண்ணையில அடுக்கி வெச்சிருக்கு. எங்க அம்மாவும் பாத்துட்டு சுக்கான்தானேனு சொல்லிட்டு போயிட்டாங்க, கேட்டிருந்தா இத்தனை பேரை சிரமப்படுத்தியிருக்க வேண்டியதில்லை. குட்டை வேலை முடிஞ்சுது.

இப்ப அசல் டைனோசர் பாக்கணும்னு நிக்குது. லீவுல கூட்டிட்டு போகலாம்னு இருக்கேன், அரியலூர்ல என்ன பாக்கறதுனு சொல்லுங்கண்ணா. ஒரு நாள்ல போயிட்டு வந்துரலாமுங்களா, மாடு கறக்க ஆளு வேணும்.

சங்ககிரியான்:
கரூர் வழியா திருச்சி போயி, சென்னை ரோட்டுல பெரம்பலூருக்கு முந்தியே உள்ள திரும்பணும், சாத்தனூர். காலங்காத்தால கெளம்பினா பொழுதோட வந்தரலாம். அங்க ஒரு மரம் கல்லாகி படுத்திருக்கு, 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருசம்னு சொல்லுவாங்க. 1940ல புவியியல் ஆய்வுத்துறையில இருந்த எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபுடிச்சது. தரையில வளந்து, அடிச்சுட்டு வந்து கடலோரத்துல பொதைஞ்ச மரம். அது பைன் மரத்து வகையறா, பூ பூக்காத ஜாதி, அன்னிக்கு காடெல்லாம் அந்த ஜாதிதான் எச்சு, தென்னையும் புளியும் வேம்பும் அப்ப கெடையாது. பாப்பாகிட்ட இதைச் சொல்லி கூட்டிட்டு போங்க, இல்லைன்னா வெறும் கம்பி வேலிக்குள்ள ஒரு கட்டைய பாத்துட்டு ஏமாந்துக்கும்.

அங்கிருந்து காரை பக்கம் போனா வெட்டவெளியா ஓடை ஓடையா அறுத்த பூமி, செடி கொடி அதிகமில்லை, கண்ணாடி கணக்கா ஜிப்சம் மின்னும். சுமார் பத்து கோடி வருசத்து கடலடி. அங்க விரல் நீளத்துக்கு ஒரு முனை கூரா இருக்கற கல்லு கெடக்கும், பெலம்னைட், கணவாய் மீனுக்கு பங்காளியோட உள் ஓடு. சுருள் சுருளா இருக்கறது அம்மோனைட், அழிஞ்சு போன கடல் ஜீவனோட ஓடு. சிலது சாப்பாட்டு தட்டைவிட பெருசு. வெள்ளைக்காரன் காலத்துல பிளான்போர்டுங்கற புவியியலாளர் இந்தப் பக்கம் பூராவும் அளந்து அடுக்கு பிரிச்சாரு, ஸ்டோலிக்ஸ்காங்கறவரு ஏகப்பட்ட சிப்பிக்கு பேரு வெச்சாரு, 1860கள், 70கள் வாக்குல. நாம இன்னிக்கும் அவங்க பிரிச்ச அடுக்கைத்தான் சொல்றோம். பாருங்க, போட்டோ எடுங்க, எடுத்துட்டு மட்டும் வராதீங்க. லாரி லாரியா போனது போதும்.

டைனோசர் எலும்பு அரியலூர் பக்கம் கல்லமேட்டுல கிடைச்சிருக்கு. அங்க எடுத்த சில எலும்பை வெச்சு 1980கள்ல பிருகத்காயசாரஸ்னு பேரு வெச்சாங்க, உலகத்துலயே பெருசுல ஒன்னா இருக்கும்னாங்க. ஆனா எலும்பு பொடிஞ்சு போச்சு, படமும் அளவும்தான் மிச்சம், அதனால அளவுல இன்னும் சண்டை. பெரம்பலூர் குன்னம் பக்கம் குளத்துல உருண்டை உருண்டையா கல்லு வந்தப்ப, 2020ல, டைனோசர் முட்டைனு டிவி பூராவும் போட்டான். போயி பாத்தவங்க முட்டை இல்லைன்னுட்டாங்க, அம்மோனைட்டை சுத்தி கட்டின மண் உருண்டை. நெசமான முட்டை மத்தியப் பிரதேசம் நர்மதை பக்கம் நெறைய கிடைச்சிருக்கு.

அவினாசி ரோடு:
அம்மோனைட்னு சொன்ன உடனே ஞாபகம் வருது, எங்க அப்பத்தா பூஜை ரூம்ல வெச்சு பால் ஊத்தற சாளக்கிராமமும் அதுதானுங்களே, நேபாளத்துல கண்டகி ஆத்துல எடுக்கறது. இமயமலை மேல கடல் ஜீவன் கல்லுன்னா அந்த மலையே முந்தி கடலடியா இருந்துச்சுன்னு அர்த்தம். நான் இதை அப்பத்தாகிட்ட சொன்னேன். "பின்ன பெருமாளு பாற்கடல்லதான படுத்திருக்காரு"ன்னுட்டாங்க. அதுக்கு மேல நான் என்னத்த பேச.

சங்ககிரியான்:
அப்பத்தாவ எதுத்து பேசாதீங்க தம்பி 😄 கல்லு அதேதான், வயசு மட்டும் எங்க அரியலூர்க்காரனைவிட மூப்பு.

கொறங்காட்டான், இன்னொரு எடம் விட்டுட்டேன், நின்னியூர். பாக்க ஒன்னும் இருக்காது, சாதா காடு. ஆனா கல்லங்குறிச்சியில இருந்து அந்தப் பக்கம் போறப்ப ஒரு எடத்துல 6.6 கோடி வருசத்தை தாண்டறீங்க, டைனோசர் அழிஞ்ச நேரம். அக்கட்ட பாறையில அம்மோனைட் உண்டு. இக்கட்ட நின்னியூர் பாறையில அது சுத்தமா கெடையாது. அதும்பட பங்காளி நாட்டிலஸ் மட்டும் இருக்கு, அதே சுருள் ஓடு, பாத்தா ரண்டுக்கும் வித்தியாசம் சட்டுனு தெரியாது. நாட்டிலஸ் இன்னிக்கும் பசிபிக் கடல்ல உசுரோட இருக்கு.

கொறங்காட்டான்:
அண்ணா பாப்பா பக்கத்துல உக்காந்து படிக்குது. ரண்டும் ஒரே மாதிரின்னா ஒன்னு செத்து இன்னொன்னு ஏன் பொழைச்சுதுனு கேக்குது.

கோபி டீச்சர்:
கண்ணு, இது பெரியவங்களே இன்னும் பேசிட்டு இருக்கற கேள்வி. இப்ப நெறைய பேரு சொல்றது குஞ்சோட கதை. அம்மோனைட் குஞ்சு ரொம்ப பொடிசு, பொறந்த உடனே கடல் மேல்தண்ணியில மெதந்து அங்க இருக்கற மெதவை உயிரை தின்னு வளந்துச்சு. நாட்டிலஸ் கொஞ்சம் முட்டைதான் போடும், ஆனா பெருசா போடும், குஞ்சு வெளிய வர்றப்பவே நல்ல சைசு, ஆழத்துல இருந்துக்கும், செத்தது கித்தது எது கிடைச்சாலும் தின்னும். விண்கல்லு விழுந்து வெயிலு மறைஞ்சு மேல்தண்ணியில இருந்த மெதவை உயிருங்க அடியோட போனப்ப, அம்மோனைட் குஞ்சுக்கு தீனி இல்லாம போச்சு. ஆழத்துல இருந்தது தப்பிச்சுது.

ஓட்டைப் பாத்தே குஞ்சு எத்தனை பெருசா பொறந்துச்சுன்னு அளக்கலாம், தெரியுமா. சுருளோட நட்டநடுவுல இருக்கே ஒரு பொடி சுத்து, அதுதான் பொறந்தன்னிக்கு இருந்த வீடு. அம்மோனைட்ல அது கடுகைவிட சிறுசு, நாட்டிலஸ்ல கண்ணுக்கே நல்லா தெரியும். அரியலூர் போறப்ப கையில ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கோ, நடுவு ஒடையாம இருக்கற கல்லா தேடி பாரு.